ஐயர் இன்னைக்கு என்ன வசனம் எடுத்தாரு?

எங்கள் கோயிலில் கடைசிக்கு முந்தின பெஞ்சில், தூணை ஒட்டி ஒரு ஆச்சி உட்காருவார். ஞாயிறு ஆராதனை முடிந்து நான் கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது மெல்ல நடந்து முன்னால் வந்து, "தம்பி, ஐயர் இன்னைக்கு என்ன வசனம் எடுத்தாரு?" என்று கேட்பார். ஐயர் என்றால் எங்கள் சபைப் போதகர். அதிகாரமும் வசனமும் சொல்வேன். பைபிளில் இடம் தேடி, பழைய பஸ் டிக்கெட் ஒன்றை அடையாளத்துக்கு வைத்துக்கொண்டு போய்விடுவார். வயதாகிவிட்டது, மறந்துவிடுகிறது என்றுதான் ஒரு வருடம் போல நினைத்திருந்தேன்.

கோயிலில் ஒலி அமைப்பைப் பார்த்துக்கொள்வது நான்தான். ஒரு ஞாயிறு, மைக்குகளின் சத்தத்தைச் சரிசெய்யும் பலகையான மிக்ஸரை இன்னொரு தம்பியிடம் கொடுத்துவிட்டுப் பிரசங்க நேரத்தில் அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். சத்தத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஐயர் பேசுகிறார் என்று தெரிந்தது, உருக்கமாகப் பேசுகிறார் என்றும் தெரிந்தது. என்ன பேசுகிறார் என்பது பாதிக்கு மேல் தெரியவில்லை. என் காதுக்கே அப்படி என்றால், என்னைவிட நாற்பது வயது மூத்த ஆச்சியின் காதுக்கு எப்படி இருந்திருக்கும்? அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அத்தனை ஞாயிறும் நான்தான் மிக்ஸரில் உட்கார்ந்திருந்தேன்.

திருநெல்வேலிப் பக்கம் கிறிஸ்தவர்கள் ஆலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். எங்களுடையது பழைய கோயில். உயர்ந்த கூரை, சுண்ணாம்புச் சுவர், கல் தரை. பாட்டுக்கு அருமையான கட்டடம். பாமாலை பாடி முடித்த பிறகும் கடைசிச் சுரம் மேலே தங்கியிருக்கும். பேச்சுக்கு அதுவேதான் தொல்லை. ஒரு சொல் சுவரில் மோதித் திரும்பி வருவதற்குள் அடுத்த சொல் கிளம்பிவிடுகிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டபோது ஒன்றைக் கவனித்தேன். உயிரெழுத்தெல்லாம் வந்து சேர்ந்துவிடுகிறது, மெய்யெழுத்து வருவதில்லை. 'பாவம்' என்றாரா, 'பாதம்' என்றாரா, 'பாகம்' என்றாரா? மூன்றும் அங்கே ஒன்றுபோலக் கேட்டன. உயிரெழுத்தில் பலம் அதிகம், அது தாழ்ந்த அலைவரிசைகளில் கிடக்கிறது. மெய்யெழுத்தைப் பிரித்துக் காட்டும் நுணுக்கமெல்லாம் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் சுற்றி இருக்கிறது. அதில் பலம் குறைவு, எதிரொலி அதைத்தான் முதலில் மூடிவிடும்.

இதற்கு வால்யூமைக் கூட்டினால் என்ன ஆகும்? சொல்லும் கூடும், எதிரொலியும் கூடும், குழப்பம் அப்படியே இருக்கும். நான் செய்துகொண்டிருந்தது அதைத்தான். ஸ்பீக்கரை எங்கே வைப்பது, எந்தப் பக்கம் திருப்புவது என்பது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன். மைக் பக்கம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாய்க்கும் மைக்குக்கும் நடுவே இருக்கும் தூரத்தைக் குறைக்க வேண்டும். தூரம் குறையக் குறைய மைக் ஆளைக் கேட்கும். கூடக் கூடக் கட்டடத்தைக் கேட்கும்.

பக்கத்து சபைகளிலிருந்து அண்ணாச்சிமார் போன் பண்ணி, "தம்பி, கமிட்டியில பணம் ஒதுக்கியாச்சு, எந்த மைக் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது: பேசுகிறவர் வாய் மைக்கிலிருந்து எத்தனை அங்குலத்தில் இருக்கும்? ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்க்கிறது? ஒரே நேரத்தில் எத்தனை மைக் திறந்திருக்கும்? இந்த மூன்றும் தெரியாமல் கம்பெனி பெயரையும் விலையையும் பேசிப் பிரயோசனம் இல்லை.

தூரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் நடுவிலுள்ள தூரம் இரண்டு மடங்கானால் மைக்கை அடையும் குரல் 6 டெசிபல் இறங்கிவிடும். பிரசங்க பீடத்தில் வளையும் கழுத்து மைக் வைத்திருந்தோம். ஐயர் குறிப்பைப் பார்க்கக் குனியும்போது ஒரு சாண் தூரம். நிமிர்ந்து சபையைப் பார்க்கும்போது இரண்டு சாண். வலது பக்கம் பெண்கள் வரிசையைப் பார்த்துப் பேசும்போது மைக் அவருடைய காதைத்தான் பார்க்கும். அவர் முக்கியமான வார்த்தையைச் சொல்வது எப்போதும் நிமிர்ந்து பார்த்துத்தான். ஆக, குறிப்பில் இருந்து வாசித்ததெல்லாம் கேட்டது, மனதிலிருந்து சொன்னது கேட்கவில்லை.

அங்கியில் குத்தும் காலர் மைக் முயன்று பார்த்தோம். அது வாயிலிருந்து ஒரு சாண் கீழே இருக்கிறது. பொதுவாக எல்லாப் பக்கமும் கேட்கும் வகை அது. அங்கி உரசும் சத்தம், மேலே தோளிலிருந்து தொங்கும் பட்டை உரசும் சத்தம், எல்லாம் சேர்ந்து வந்தன. கொஞ்சம் கூட்டினால் உடனே கூவியது, அதாவது ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் திரும்பப் புகுந்து ஊளையிட்டது.

கடைசியில் ஹெட்செட் மைக்குக்கு வந்தோம். ஐயருக்கு மனமே இல்லை. "இது மேடைக் கச்சேரிக்காரங்க போடுறது தம்பி, அங்கி போட்டுக்கிட்டு இதை எப்படி மாட்டிக்கிட்டு நிக்க?" என்றார். தோல் நிறத்தில் மெல்லிய கம்பியாக வருவதைக் காட்டினேன். கணக்கையும் சொன்னேன். காலர் மைக் 20 சென்டிமீட்டர் தூரத்தில் என்றால், இது இரண்டரை சென்டிமீட்டர். எட்டில் ஒரு பங்கு. மூன்று முறை பாதியாக்கியிருக்கிறோம், ஒவ்வொரு பாதிக்கும் 6 என்றால் 18 டெசிபல். எந்தப் பணத்தைக் கொடுத்தும் எந்த ஆம்ப்ளிஃபயரிலும் இந்த 18 டெசிபலை வாங்க முடியாது. ஆம்ப்ளிஃபயர் குரலோடு கட்டடத்தையும் சேர்த்துத்தான் பெருக்கும். ஐயர் கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் ஆச்சி கேட்கும் கேள்வியைச் சொன்னேன். கணக்கைவிட அதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் இருவரும் உட்கார்ந்தோம். காதில் மாட்டும் வளையத்தை அவருடைய காதுக்கு வளைத்து, கம்பியைக் கன்னத்தோடு படிய வைத்து, மருந்துக் கடையில் விற்கும் சர்ஜிக்கல் டேப்பால் பிடரியில் ஒட்டினேன். நுனியிலிருக்கும் மைக், வாயின் ஓரத்துக்குச் சற்றுப் பின்னால், கன்னத்தைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளியில் நிற்க வேண்டும். நேரே வாய்க்கு முன்னால் கொண்டுவந்தால் மூச்சுக் காற்று அடிக்கும். சோதித்துப் பார்க்க எனக்கு ஒரே வாக்கியம் போதும்: பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. சொல்லின் முதலில் வரும் ப, உதட்டிலிருந்து காற்றைத் தெறிக்கவிடும் எழுத்து. மைக் தப்பான இடத்தில் இருந்தால் 'பிதா'விலும் 'பரிசுத்த'விலும் ஸ்பீக்கர் குண்டு போட்டதுபோல அதிரும். இடம் சரியாக இருந்தால் மூன்று பேரும் சமமாக வருவார்கள். அடுத்து, 'ஸ்தோத்திரம்'. அந்த ஸ் காதைக் குத்தினால் மேல் அலைவரிசைகளைக் கொஞ்சம் இறக்க வேண்டும், மைக்கை இன்னும் அரை விரல் பின்னால் தள்ள வேண்டும். சாதாரணக் கை மைக்காக இருந்தாலும் இந்த இரண்டு சொற்களும்தான் என் அளவுகோல். கை மைக்கை வாய்க்கு நேராகப் பிடிக்காமல், கன்னத்தின் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் ப அடங்கிவிடும்.

இத்தனை சின்ன மைக் சாத்தியமானது, மின்னூட்டத்தைத் தனக்குள்ளேயே தக்கவைத்திருக்கும் எலக்ட்ரெட் வகையால்தான். 1962-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் என்ற இருவர் கண்டுபிடித்தது. செல்போனில் நாம் பேசியதும் நெடுங்காலம் அந்த வகையில்தான். வியர்வை மட்டும் அதற்கு ஆகாது. எங்கள் ஊர் மே மாதத்தில் அங்கிக்குள் நிற்கிற மனிதருக்கு வியர்வை கன்னத்தில் வழிந்து நேரே மைக் துளைக்குத்தான் வரும். கம்பியில் ஒரு சின்ன வளைவு போட்டு, துளி அங்கேயே சொட்டிவிடும்படி செய்துவைத்திருக்கிறேன்.

வேதபாடம் வாசிக்கிற இடத்தில் ஹெட்செட் வேண்டாம், ஒவ்வொரு வாரமும் ஆள் மாறும். அங்கே ஸ்டாண்டில் ஷூர் எஸ்எம் 58 இருக்கிறது. உலகத்தில் மைக் என்றால் நம் மனதில் வரும் அந்த உருண்டைத் தலை மைக். 1966-இல் வந்தது, இன்றும் அதே உருவில் விற்கிறது. கீழே விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளும், தனி மின்சாரம் வேண்டாம், மெய்யெழுத்து இருக்கும் பகுதியைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும்படி அமைந்தது. சபைக்கு ஒரே ஒரு மைக் வாங்க வசதி இருந்தால் இதையே வாங்குங்கள் என்று சொல்வேன்.

ஆனால் பார்த்து வாங்குங்கள். பல வருடங்களுக்கு முன், ஒரு கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று இரண்டு வாங்கி வந்தேன். பெட்டி, பை, முத்திரை எல்லாம் அச்சு அசல். ஆராதனையில் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போலிருந்தது, கையில் பிடித்தால் விரல் நகரும் சத்தம் வந்தது. பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். அசல் மைக்கின் எடை 298 கிராம் என்று கம்பெனி குறிப்பில் இருக்கிறது. எங்களுடையது அதற்கு வெகுவாகக் குறைந்தது. காணிக்கைப் பணம். இன்று வரை அந்த இரண்டையும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் நாடகத்துக்கு வைத்திருக்கிறோம். எடை சரியாக இருந்தால் அசல் என்று அர்த்தமில்லை. வெகுவாகக் குறைந்தால் போலி என்று தாராளமாகச் சந்தேகிக்கலாம்.

வாசிக்க வருகிறவர்களில் ஆறடி அண்ணாச்சியும் உண்டு, ஏழாம் வகுப்புப் பிள்ளையும் உண்டு. பிள்ளை வந்து நின்றால் மைக் நெற்றிக்கு மேலே இருக்கும். அதுவாக இழுத்துச் சரிசெய்யப் பயப்படும், அப்படியே வாசித்துவிட்டுப் போய்விடும், யாருக்கும் ஒன்றும் கேட்டிருக்காது. இப்போது வாசிக்கிறவர்களை ஆராதனைக்குக் கால் மணி நேரம் முன்னால் வரச் சொல்லி, ஸ்டாண்டை ஏற்றி இறக்கும் திருகை அவர்கள் கையாலேயே ஒருமுறை திருப்ப வைக்கிறேன். வாயிலிருந்து நான்கு விரல் தூரம், மைக் மோவாயைப் பார்க்கட்டும். இவ்வளவுதான் பாடம்.

இனி பாடகர் குழு. இங்கேதான் அதிகச் சண்டை நடக்கிறது. இருபது பேர் பாடுகிறார்கள். முன்வரிசையில் ஆறு பேர் கையில் ஆறு மைக் கொடுத்திருந்தோம். கேட்டது அந்த ஆறு பேர் குரல்தான். அதிலும் இருவர் குரல். பெண்களின் மேல்குரலான சோப்ரானோ வரிசையில் ஒரு அக்கா நன்றாகப் பாடுவார், சபை முழுக்க அவர் தனியாகப் பாடுவதுபோல் கேட்டது. பின்வரிசையில் தாழ்ந்த குரலான பேஸ் பாடுகிறவர்கள் வாயசைத்தது மட்டும்தான் தெரிந்தது.

திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும்போதெல்லாம், கூவாமல் எவ்வளவு கூட்டலாமோ அந்த அளவில் 3 டெசிபல் போய்விடும். ஒரு மைக்குக்குப் பதில் ஆறு திறந்தால் கிட்டத்தட்ட 8 டெசிபல் இழப்பு. அதோடு ஒருவர் குரல் பக்கத்து மைக்கிலும் ஒரு நொடித்துளி பிந்திப் போய்ச் சேரும். இரண்டும் கலக்கும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்துவிடும். அதனால்தான் மைக்குக்கும் மைக்குக்கும் நடுவே உள்ள தூரம், பாடுகிறவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள்.

ஆறையும் எடுத்துவிட்டு பென்சில் போல மெலிந்த, தூரத்துக் குரலையும் நுணுக்கமாகக் கேட்கும் கண்டென்சர் வகை மைக் இரண்டு வைத்தோம். உயரமான ஸ்டாண்டில், முன்வரிசைக்கு இரண்டு மூன்றடி முன்னால், அவர்கள் தலைக்கு மேலே இரண்டடி உயரத்தில், பின்வரிசைக்காரர்களின் வாயைப் பார்த்து. முன்வரிசை கிட்ட இருக்கிறது, ஆனால் மைக்கின் நேர்ப்பார்வையில் இல்லை. பின்வரிசை தூரம், ஆனால் நேர்ப்பார்வையில் இருக்கிறது. இரண்டும் சமனாகிவிடுகின்றன. கண்டென்சருக்கு மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் ஃபேன்டம் பவர் வேண்டும், அது அதே மூன்று பின் கேபிளிலேயே போகும். அது ஓடும்போது மைக்கைப் பிடுங்கினால் ஸ்பீக்கர் படாரென்று அடிக்கும், அந்தச் சேனலை மூடிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

கையிலிருந்த மைக்கை வாங்கியது ஆறு பேருக்கும் வருத்தம். ஒரு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. கிறிஸ்மஸ் கேரல் ஆராதனையின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினேன். நான்கு பாகமும் தனித்தனியாகக் கேட்டது. பின்வரிசையில் முப்பது வருடமாகப் பாடிவரும் ஒரு மாமா, "என் குரல் இப்பத்தான் எனக்கே கேக்குது" என்றார்.

இந்த ஏற்பாட்டுக்கு எங்கள் ஊரில் ஒரு எதிரி உண்டு, மின்விசிறி. நீளக் கம்பியில் தொங்கும் ஃபேன்கள் நேரே மைக்கின் தலையில் ஊதும். காற்று பட்டதும் அடியில் ஒரு உறுமல் வந்துகொண்டே இருக்கும். தடித்த நுரை உறை போட்டு, மிக்ஸரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் பெருமளவு அடங்கும். பாடகர் குழுவுக்கு நேர் மேலே உள்ள ஃபேனை மட்டும் பாட்டு நேரத்தில் நிறுத்துகிறோம். அதற்கு அவர்கள் சம்மதித்தது பெரிய காரியம்.

வாலிபர் ஆராதனையில் பாடுகிறவர்கள் தங்கள் குரலைக் கேட்கத் தரையில் மானிட்டர் ஸ்பீக்கர் வைத்திருக்கிறோம். பழைய மைக்குகள் கார்டியாய்ட் வகை. முன்னால் கேட்கும், நேர் பின்னால் கேட்காது. அதனால் மைக்கின் வாலுக்கு நேரே மானிட்டரை வைத்தால் கூவாது. பின்பு சூப்பர்கார்டியாய்ட் வகை வாங்கினோம். பக்கவாட்டுச் சத்தத்தை அது இன்னும் நன்றாக ஒதுக்கும் என்பது உண்மை. முதல் ஞாயிறே பாட்டு நடுவில் ஊளையிட்டது. மைக்கில் பழுது இல்லை. சூப்பர்கார்டியாய்டுக்கு நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும். கேட்காத இடம், முன்பக்கத்திலிருந்து ஏறக்குறைய 126 பாகையில், இரண்டு பக்கமும் இருக்கிறது. மானிட்டரை நான் பழைய இடத்திலேயே விட்டிருந்தேன். வாலுக்கு நேராக இருந்ததைப் பக்கவாட்டில் நகர்த்தினேன், ஊளை நின்றது. கடையில் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை.

இன்னொன்று, பிள்ளைகள் மைக்கின் கம்பி வலைத் தலையைக் கையால் மூடிப் பிடிக்கிறார்கள். பின்பக்கம் ஒலி நுழையும் வழி அந்தத் தலைக்கு அடியில்தான் இருக்கிறது. அதை மூடினால் மைக் திசை அறியும் சக்தியை இழந்து எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கும், கூவும். திட்டிச் சொல்லிப் பயனில்லை. ஒரு சனிக்கிழமை ஒவ்வொருவரையும் மைக்கைப் பிடிக்கச் சொல்லி, அவர்களே மூடித் திறந்து மூடித் திறந்து கேட்கும்படி செய்தேன். அதற்கப்புறம் யாரும் மூடுவதில்லை.

கீர்த்தனைக்கு ஆர்மோனியமும் தபேலாவும் உண்டு. ஆர்மோனியத்துக்குத் துருத்திப் பக்கம் மைக் வைத்தால் காற்றும் மரம் முனகுவதும்தான் வரும், மேல்பலகைக்கு ஒரு சாண் மேலே வைக்க வேண்டும். தபேலாவுக்கு இரண்டு மைக் வைக்க முடிந்தால் நல்லது. கீபோர்டுக்கு மைக்கே வேண்டாம், அதன் கம்பியை நேரே மிக்ஸரோடு இணைக்க உதவும் டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டி போதும்.

வயர்லெஸ் பற்றிக் கேட்கிறவர்கள் அதிகம், என் பதில் சின்னது. நடக்கிறவருக்கு மட்டும் வயர்லெஸ், நிற்கிறவருக்கு வயர். திருட்டுப் பயத்தில் ரிசீவரை ஸ்டீல் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியே ஆராதனை நடத்திய காலம் எங்களுக்கு உண்டு. பிரசங்கம் நடுநடுவே அறுந்துபோகும். ஆன்டெனாவுக்கும் ஆளுக்கும் நடுவே இரும்பும் கூட்டமும் இருக்கக் கூடாது, தலை உயரத்துக்கு மேலே வையுங்கள். பேட்டரியை வாராவாரம் மாற்றுங்கள், முந்தின வாரத்து மிச்சத்தை நம்ப வேண்டாம்.

சனிக்கிழமை காலிக் கோயிலில் சரிசெய்தது ஞாயிறு வேறு மாதிரி கேட்கும். ஹார்வர்டில் வாலஸ் சபீன் என்ற பேராசிரியர் 1895-இல், எதிரொலியால் பாடமே நடத்த முடியாத ஒரு புது அரங்கத்தில், இரவு நேரங்களில் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தார். மெத்தை கூடக் கூட ஒலி சீக்கிரம் அடங்கியது. உட்கார்ந்திருக்கிற மனிதரும் அந்த மெத்தை மாதிரிதான் ஒலியை உறிஞ்சுவார். அதனால் காலிக் கோயிலில் நன்றாகக் கேட்டால் நிறைந்த கோயிலில் இன்னும் நன்றாகக் கேட்கும். மழை நாளில், பாதிப் பெஞ்சு காலியாகக் கிடக்கும்போதுதான் நான் கவனமாக இருப்பேன். வருவது வயதானவர்களாகத்தான் இருக்கும், எதிரொலியும் அன்றைக்குத்தான் கூடுதல்.

ஹெட்செட் மாட்டிய முதல் ஞாயிறு ஆச்சி என்னிடம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரம் வாசலில் பார்த்தபோது நானே, "ஆச்சி, இன்னைக்கு வசனம் கேட்டுச்சா?" என்றேன். பைபிளைத் திறந்து காட்டினார். பஸ் டிக்கெட் சரியான இடத்தில் இருந்தது. "ஆனா அந்த ரெண்டாவது பாடம் வாசிச்ச பிள்ளை என்ன வாசிச்சுதுன்னு தெரியலையே" என்றார். ஸ்டாண்டை இறக்க அன்றைக்கு நான் மறந்திருந்தேன்.

வருகிற மே மாதம் எங்கள் ஐயருக்கு மாற்றல் வருகிறது. வரப்போகிற ஐயர் பீடத்தைவிட்டு இறங்கி நடந்துகொண்டே பேசுகிறவர், கண்ணாடி போட்டவர், காது சிறியது என்று அவருடைய பழைய சபைத் தம்பி ஒருவர் சொன்னார். கண்ணாடிக் காம்பும் மைக் வளையமும் ஒரே காதில் உட்கார வேண்டும். அவர் வந்த முதல் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் வேண்டும் என்று சபைச் செயலாளரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.